நான் எடுத்துப் போட்ட உன் கார்டு

இன்று காலை ஜன்னலோரம் நின்று, போன மாதத்து மருந்துச் சீட்டையும் இந்த மாதத்துச் சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அச்சடித்த சீட்டுகள். மூன்றாவது வரி மட்டும் பொருந்தவில்லை. டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார். "மூணாவது" என்று வாய்விட்டே சொன்னேன். "ஆமாடா" என்று சொல்ல வேண்டிய நீ போய்ப் பதினெட்டு நாளாகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அறுபதுகளின் கடைசியில், சென்னை ஆபீசில், நாம் இப்படித்தானே நிற்போம்? அறை முழுக்க அடைத்து நின்ற அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு கட்டளையையும் கார்டில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரே ப்ரோக்ராமின் இரண்டு நகல்களை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, உன் அதிகாரி சொன்னபடி நீ திருத்துவாய், என் அதிகாரி சொன்னபடி நான் திருத்துவேன். பிறகு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரு கார்டுகளையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடிப்போம். எங்கே வெளிச்சம் அடைபடுகிறதோ அங்கே மாற்றம்.

முடியாத வேலை சனிக்கிழமை ரயிலில் நம்மோடு வரும், கார்டாக அல்ல, அச்சடித்த தாளாக. நான் திண்டிவனத்தில் இறங்கிவிடுவேன், நீ விழுப்புரம் போவாய். ஞாயிறு காலையில் நானும் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உனக்குக் கல்யாணமான புதிது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி வேகவைத்த மல்லாட்டையை உடைத்து, கடலையைத் தின்றுகொண்டே, நான் வரி வரியாகப் படிக்க, நீ உன் தாளில் பென்சிலால் குறிப்பாய்.

அப்படி ஒரு ஞாயிறு. வேலை நிரந்தரமானவர்களின் பட்டியலை எடுக்கும் ப்ரோக்ராம் அது. ஒரே பெயர் இருமுறை வந்தால் ஒன்றைத் தள்ளிவிடு என்றது என் கார்டு. தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் தள்ளு என்றது உன் கார்டு. இரண்டுக்கும் ஒரே எண், ஒன்றுதான் உள்ளே போக முடியும்.

"இத்த மட்டும் எட்த்துடாதடா. நம்ம பக்கம் தெருவுக்கு நாலு ஏழுமலை இருக்கான். ரெண்டு பேரையும் ஒருத்தன்னு நெனச்சுக்கினு அது பாட்டுக்குத் தள்ளிடப் போவுது" என்றாய். சரியென்று தலையாட்டினேன்.

திங்களன்று உனக்குக் காய்ச்சல். கார்டுக் கட்டை நான் தனியாக அடுக்கினேன். உன் கார்டு கையில் வந்தபோது, இவன் என்ன பெரிய மேதாவியா என்று ஒரு நினைப்பு. உன்னுடையதை எடுத்துப் போட்டுவிட்டு என்னுடையதைச் செருகினேன். வேறு காரணம் கிடையாது. வெறும் திமிர்.

பத்து நாள் கழித்து, திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல்காரர் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"எம் பேரு ஏழுமலைங்க. ஏழு வருசமா வேல செய்யறேன். லிஸ்ட்ல என் பேரக் காணோங்களே?"

பெயர்களைச் சரிபார்ப்பது உன் பங்கு என்று நோட்டில் இருந்ததால் கேள்வி உன்னிடம் வந்தது. நீ கார்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தாய். என்னை ஒரு முறை பார்த்தாய். நான் பேசுவேன் என்று காத்திருந்தாய். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

ஏழுமலையின் பெயரை மறுவாரமே சேர்த்துவிட்டார்கள். உன்னைத்தான் மெஷின் பக்கமே வராதபடி விழுப்புரத்துக்கு, சாதாரண குமாஸ்தாவாக அனுப்பினார்கள். "வுடுறா, ஊட்டாண்ட போறேன்" என்று சிரித்துவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்புக்கு முகம் கொடுக்க முடியாமல், அதன்பின் எல்லா ஞாயிறும் திண்டிவனத்திலேயே இருந்துகொண்டேன். விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. போகவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து, உன் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தேன். தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்ண்ணா. அன்னிக்கே சொல்லிட்டாரு. 'அவன் வரட்டும், நல்லா நாலு திட்டு திட்டிட்டு சோறு போடலாம்'னு சொல்லிக்கினே வாசலப் பாத்துக்கினு இருப்பாரு. அந்த வருசம் பூரா, ஞாயித்துக்கெழம ஆனா உங்களுக்கும் சேத்துத்தாண்ணா ஒல வெச்சேன்."

பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட அழாதவன், அங்கே தேம்பித் தேம்பி அழுதேன். அவள் இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். திட்டத்தான் நீ இல்லை. அந்தத் திட்டை வாங்காமல் நான் எப்படிடா போய்ச் சேருவேன்?