எலோய் வண்டியின் கார்ப்பெட்டுக்கு அடியில்

பிப்ரவரி 23, சனி

அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். என் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள் என்று யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறது, இங்கே எழுதி வைக்கிறேன். டெனிஸ் சாண்டா ஃபே ஆஸ்பத்திரியில் நர்ஸ், போன மாதம் வார்டுக்கே தலைமை ஆகிவிட்டாள். ரூபன் ராணுவத்தில் ஹெலிகாப்டர் பழுது பார்க்கிறான். குட்டி மத்தியாஸ் வளர்த்த ஆட்டுக்கிடாவுக்குச் சந்தையில் முதல் பரிசு. என் ஜனெல், இருபத்து நாலு வயசு, எஸ்பான்யோலாவில் சொந்தக் கடை. பழைய கார்களுக்கு சீட்டு தைப்பது, உள்ளே கார்ப்பெட் போடுவது. ஊர்வலத்தில் தரையோடு தரையாகத் தவழ்ந்து வருகிற வண்டிகளில் பாதி அவள் கைவேலை.

எல்லார் படமும் சுவரில் இருக்கிறது. ஜனெலின் அப்பா, என் மகன் எலோய், அவன் படம் மட்டும் மேசை இழுப்பறைக்குள்.

இன்று ஜனெல் வந்தாள். "பாட்டி, அப்பாவோட இம்பாலா காரை எடுத்துக்கறேன். உள்ள இருக்கிறதெல்லாம் பிச்சுப் போட்டுட்டுப் புதுசாப் போடணும். பெரிய வெள்ளிக்கு ஓட்டணும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 2

இம்பாலா நிற்கிற கொட்டகைப் பக்கம் போனால் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பட்டப்பகலில். சாவி என் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், எலோய் தன் பெண்டாட்டி பெர்னடெட்டோடு சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஆற்றோரம் பனியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான். அப்படியே போய்விட்டான். வண்டிப் புகை, என்றார் டாக்டர். தானே தேடிக்கொண்டான் என்றது ஊர். அவன் பெண்டாட்டியும் அதையே நம்பினாள். ஜனெலுக்கு அப்போது பதினைந்து. "நான் ஒருத்தி இருக்கேன்னு கூட நினைக்கலையே பாட்டி" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

மார்ச் 9

சீட்டெல்லாம் வெளியே. என் தம்பி ஃபிலிமோனும் கைகொடுக்க வந்தான்.

"என்னக்கா, துக்க வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற? உக்காரேன்."

"இருந்த சீட்டையெல்லாம் கழட்டிட்டு உக்காருங்கிறான் பாரு."

பழைய கார்ப்பெட்டில், ஆக்ஸிலேட்டர் பக்கம், அவன் குதிகால் பதிந்த குழி. அதைத் தொட்டேன். ஜனெல் கொஞ்ச நேரம் திருப்புளியை எடுக்காமல் நின்றாள். பிறகு கதவடித் தகடுகளைக் கழற்றி, கார்ப்பெட் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அடியில் இருந்த சணல் மெத்தை கறுப்பாக, ஈரம் பட்டு உளுத்த வாசனை. அதற்கும் அடியில், டிரைவர் கால் வைக்கும் இடத்தில், கெட்டித்த மண். செங்கல் மாதிரி. ஜனெல் தட்டினாள். மண்ணோடு தகரமும் பெயர்ந்து விழுந்தது. கை போகிற ஓட்டை, ஓரமெல்லாம் எப்போதோ துரு தின்றது.

ஃபிலிமோன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "நேர் கீழ புகைக்குழாய். அதுல விரிசல் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்டி ஜனெல். வெளியதானே போவுதுன்னு விட்டுட்டேன். மேல தகரமே இல்லைன்னு யாருக்குத் தெரியும்?"

ஜனெல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அப்பா ஒண்ணும் பண்ணிக்கல. குளிருக்கு உக்காந்திருக்காரு. அவ்வளவுதான். பாட்டி, கேக்குதா? அவ்வளவுதான்!" அழுதாள், சிரித்தாள், என் இரண்டு கையையும் முத்தமிட்டாள்.

அப்புறம் கேட்டாள், "இவ்வளவு மண்ணு எப்படி வந்துது?"

"பனிச்சேறு" என்றேன். "ஷூவுல வந்திருக்கும்."

பொய்.

மார்ச் 10

பூசைக்குப் போனேன். பாவமன்னிப்பு கேட்கிற வரிசையில் நிற்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 12

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

எலோய் பத்தொன்பது வயசில் அந்த வண்டியை வாங்கினான். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் சிமயோ கோயிலுக்கு நடந்து போவேன். அங்கே குழியில் அள்ளித் தரும் புனித மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து வருவேன். அவன் குளிக்கும்போது கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி, அவன் கால் படும் இடத்தில் ஒரு பிடி. பிள்ளையைக் காக்க. அவன் பனி ஒட்டின ஷூவோடு ஏறுவான். ஈரத்தை மண் குடித்து வைத்துக்கொண்டது. தகரத்தைத் தின்றது.

அவன் உசிரை அவன் எடுத்துக்கலை. சரி. அப்ப யாரு எடுத்தது? — காப்பாத்தத்தானே வச்சேன் தாயே, காப்பாத்தத்தானே —

மார்ச் 16

ஃபிலிமோன் புதுத் தகடு வெல்டிங் வைத்தான். குழாயையும் மாற்றிவிட்டான். வேலை முடித்து, அந்த மண் கட்டியைத் திருப்பிப் பார்த்தான். "ஷூ மண்ணு அடுக்கடுக்கா இருக்காதே. யாரோ கொண்டாந்து கொட்டியிருக்காங்க."

ஜனெல் சொன்னாள்: "அம்மாவுக்குத்தான் இந்த வண்டியக் கண்டா ஆகாது. அம்மாவா இருக்குமோ?"

பெர்னடெட் ஒன்பது வருஷமாகத் தன் சண்டைதான் அவனைக் கொன்றது என்று சுமந்துகொண்டிருக்கிறாள். இதையும் அவள் தலையில் வைப்பதா?

"நான்தான்" என்றேன். எல்லாம் சொன்னேன்.

ஜனெல் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினாள். போய்விட்டாள்.

மார்ச் 24

ஜனெலிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 31

இல்லை. கொட்டகையில் எஞ்சின் சத்தம் மட்டும்.

ஏப்ரல் 6

வந்தாள். வணக்கம் கூட இல்லை. புது கார்ப்பெட்டை வெயிலில் விரித்தாள். பெட்டியில் மடிந்த சுருக்கம் போகணுமாம். ஒயின் சிவப்பு, அவன் வைத்திருந்த அதே நிறம். தரையில் சத்தம் அடக்கும் தாள் ஒட்டி, மேலே மெத்தை, அதன் மேல் கார்ப்பெட். தரையின் நடு மேட்டில் ஆரம்பித்துக் கையால் அழுத்தி அழுத்தி ஓரத்துக்குக் கொண்டு போனாள். சீட் போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது மட்டும் முணுமுணுத்தாள்: "சின்னதாத்தான் வெட்டணும். பெரிசா வெட்டிட்டா திரும்ப ஒட்டாது."

என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா?

போகும்போது கேட்டாள். "எத்தனை பிடி?"

"இருபத்திரண்டு."

"என் வண்டியில?"

"வைக்கலை. அவன் போனப்புறம் நான் சிமயோவுக்கே போகலை."

தலையாட்டினாள். அழுதிருக்கிறாள், கண் வீங்கி இருந்தது.

ஏப்ரல் 14

பெர்னடெட் போன் செய்தாள். ஜனெல் எல்லாம் சொல்லிவிட்டாளாம். "அத்தை" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. வைக்கவும் இல்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

காலையில் வாசலில் ஹாரன். ஜனெல் கொட்டகையிலிருந்து இம்பாலாவை எடுத்து வந்து நிற்கிறாள். "முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நடக்கவா போற? ஏறு."

கோயிலில் மண் குழி வரைக்கும் போனேன். கை நீளவில்லை. சும்மா மண்டி போட்டு வந்தேன்.

வண்டியில் ஏறும் முன் செருப்பைத் தட்டினேன். வலது, இடது. மறுபடியும் வலது. துடைத்துக்கொண்டே நின்றேன். ஜனெல் உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்தாள்.

"போதும், வா பாட்டி. கொஞ்சம் மண்ணு பட்டா ஒண்ணும் ஆயிடாது."

புது கார்ப்பெட்டில் அவள் குதிகால் படும் இடத்தில் இப்போதே ஒரு சின்னப் பள்ளம்.

வண்டி அவளோடு போய்விட்டது. கொட்டகை காலி. சத்தம் இன்னும் கேட்கிறது. கேட்கட்டும்.

எலோய் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்தாயிற்று. ஜனெலுக்கு நாளைக்கே எழுதணும்: அந்த வண்டியில் உட்கார்ந்த மாதிரி புதுசாய் ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு கண்ணு. போனில் வேண்டாம், ஆணியில் மாட்ட முடியாது.