வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கள்

மாமா, எதிர்வீட்டு கேட்டில் இன்று காலை 'டு லெட்' அட்டை தொங்கியது. வீட்டுக்காரர் ஸ்டெல்லா அக்கா மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறார். ஒரு சாதாரண அட்டையைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே ஆள் திண்டிவனத்தில் நானாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் நீ.

நம் சொந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய் விசாரித்து வருவது உன் வேலை. கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தே வாழ்நாளைக் கழித்தவன் நீ. மீட்டர் ஓடுகிற வேகத்திலேயே ஒரு குடும்பத்தின் குணத்தைச் சொல்லிவிடுவதாக உனக்கு ஒரு நினைப்பு. மாப்பிள்ளையைப் பற்றி வாயே திறக்கமாட்டாய். வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்பாய், தண்ணீர் வருமா என்பாய். கடைசியில், போகிற போக்கில், "பக்கத்து வீட்ல யாரு, சத்தம் கித்தம் போடுவாங்களா?" அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரம் அவர்களே பேசுவார்கள். தனி ஆளாகப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று துணைக்கு என்னைக் கூட்டிப் போவாய். எட்டாம் வகுப்புக்குள் நான் உனக்கு நாலு முறை மகளாக நடித்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு விழுப்புரத்திலிருந்து வரன் வந்தபோதும் அப்படித்தான் போனோம். ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் நீ முதலில் பார்த்தது மாப்பிள்ளை வீட்டு வாசல் செருப்புகளை.

"ஒண்ணு வடக்கால, ஒண்ணு தெற்கால கெடந்தா அந்த வீட்ல தெனம் சண்டைன்னு அர்த்தம். இங்க பாரு, நேரா இருக்குது."

"நாம வர்றோம்னு தெரிஞ்சி அடுக்கி வெச்சிருந்தா?" என்றேன்.

"அடிப்பாவி, என்னையே மிஞ்சிடுவ போல!"

டீக்கடையில் பையன் தங்கம் என்றார்கள். மளிகைக் கடையிலும் தங்கம். உன் முகம் இருண்டது. "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா எங்கயோ இடிக்குது பாப்பா. ஒரு கொறையாவது சொல்றவன் வாயிலதான் நெசம் இருக்கும்." கடைசியில் இஸ்திரிக்காரர் காப்பாற்றினார். "நல்ல புள்ளதாங்க. ஆனா சட்டப் பையில பஸ் டிக்கெட்ட வெச்சிக்கினே துணியப் போடுவான். எத்தினி தபா சொன்னாலும் கேக்கமாட்டான், ஒரே பேஜாரு." நீ அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. "இது போதும்," என்று பஸ் ஏறினாய்.

நாம் போனால் அவர்களும் வருவார்கள் என்பதை மட்டும் நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அடுத்த வாரம் டியூஷன் முடிந்து வரும்போது தெருமுனையில் குடையோடு ஒருவர் நின்றார். "பாப்பா, இங்க வாடகைக்கு வீடு கெடைக்குமா?" எனக்குச் சிரிப்பு முட்டியது. நம்முடைய பொய்யை நம்மிடமே விற்க வந்திருக்கிறார்! தண்ணீர் வருமா என்றார். கடைசியில், போகிற போக்கில், "அந்தப் பச்ச கேட்டு வீட்ல ஒரு பெரிய பொண்ணு இருக்குதாமே, எப்பிடி?"

பச்சை கேட்டு நம் வீடு. பெரிய பெண் அக்கா.

"ரொம்ப நல்லவங்க," என்றேன். "அமாவாசையானா மட்டும் மேல்மலையனூருக்கு இட்டுக்கினு போயிடுவாங்க."

அது உண்மைதானே மாமா. பேய் ஓட்டவும் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். நாங்கள் போவது அம்மாவின் வேண்டுதலுக்கு, மாதா மாதம் குடும்பத்தோடு. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. விழிகளை மேலே செருகி, இரட்டை ஜடையை ஒரு சுற்றுச் சுற்றி ஆடிக் காட்டினேன். மனிதர் ஜல்தியாகக் கிளம்பினார். தூறல் போட்டது, குடையை விரிக்கக்கூட நிற்கவில்லை.

விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று ஐந்து வருடமாக எனக்கே சொல்லிவருகிறேன். அக்கா போய்விட்டால் அந்த அறையில் தனியாகப் படுக்க வேண்டுமே என்ற பயமும் அதில் இருந்ததோ என்று இப்போது என் மேலேயே சந்தேகமாக இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து பேச்சே இல்லை. பத்து நாள் கழித்துத் தரகர் வந்து, "உங்க தெருவுலயே யாரோ பொண்ணுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க," என்றார். மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா தன் பி.எட். நோட்டுக்குள் வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். அன்று அந்த நோட்டை அவள் திறக்கவேயில்லை.

அம்மாவின் சந்தேகம் நேரே எதிர்வீட்டுக்குப் போனது. ஸ்டெல்லா அக்கா வீட்டுத் தண்ணீர் நம் வாசல் கோலத்தில் ஓடிவந்து ஏற்கெனவே ஒரு சண்டை. "அவதான். வேற யாரு?" என்றார் அம்மா. அந்த வருடம் ஸ்டெல்லா அக்கா கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் கேக் அப்படியே திரும்பிப் போனது. தட்டை எடுத்துப் போனது நான். திருடியே திருட்டுச் சாமானை ஒப்படைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

பிறகு ஒரு நாள் நீ வந்து, "வா பாப்பா, விழுப்புரத்துல வீடு பார்க்கலாம்," என்றாய். பஸ்ஸில் நீ ஏன் எதுவும் கேட்கவில்லை என்று வழியெல்லாம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நீ டீக்கடைக்குப் போகவில்லை, நேராக மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தாய். ஜன்னல் கம்பியில் அந்தக் குடை தொங்கியது. நான் உன் பின்னால் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து குடைக்காரர், மாப்பிள்ளையின் சித்தப்பாவாம், காபி டம்ளரோடு வந்தார்.

"அண்ணா! இந்தப் பொண்ணுதான்! இதுதான் ஆடிக் காட்டிச்சி!"

நீ அசையவில்லை. "நான்தாங்க சொல்லச் சொன்னேன்," என்றாய். "தெருவுல ஒரு சின்னப் புள்ள சொன்னத நம்பிக்கினு ஓடிப்போறவங்களா, நேர்ல வந்து கேக்கறவங்களான்னு பார்க்கத்தான். நீங்க வர்ல. அதான் நாங்களே வந்துட்டோம்."

மாப்பிள்ளையின் அப்பா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மலையனூரு?"

"வேண்டுதல்ங்க. மாசா மாசம் போறோம்."

அடுப்படியிலிருந்து ஓர் அம்மாவின் குரல் வந்தது: "நானுந்தான் மாசா மாசம் போறேன். அப்ப எனக்கும் பேயா?" அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். தை மாதம் கல்யாணம். அத்தான் இன்றைக்கும் பஸ் டிக்கெட்டோடுதான் சட்டையைத் துவைக்கப் போடுகிறார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவித்த மல்லாட்டைக் கடலை வாங்கி, பாதியை என் மடியில் கொட்டினாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "எதிர்வீட்ல உனக்கு ஒரு வேலை இருக்குது. எப்ப முடியுமோ அப்பப் பண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். உனக்கு முன்பே தெரியுமா, இல்லை அந்த வாசலில்தான் தெரிந்ததா? கேட்கத் துணியவில்லை. போன மாசியில் மார்வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. இனி யாரிடம் கேட்பது?

இன்று மதியம் எதிர்வீட்டு கேட்டில் ஒரு கணவன் மனைவி நின்றார்கள். அட்டையைப் படிக்க இரண்டு விநாடி போதும். அவர்கள் படித்த நேரத்தில் ஒரு தினசரியையே முடித்திருக்கலாம். அந்த அம்மாள் நம் வாசல் செருப்பைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், மாமா! அதுவும் என்னைப் பற்றி ஸ்டெல்லா அக்காவிடம் கேட்கிறார்கள். ஐந்து வருடம் என் பழியைச் சுமந்தவரிடம்.

அவர்கள் போனதும் ஓடினேன். ஸ்டெல்லா அக்கா மாடிப்படியில் நின்று சிரித்தார்.

"உன்னப் பத்திதாண்டி கேட்டாங்க. நல்ல பொண்ணு, அமாவாசைக்கு மட்டும் ஜாக்கிரதன்னு சொன்னேன்."

"அது உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கி மாடியில துணி காயப் போட்டுக்கினு இருந்தேன். நீ ஜடையச் சுத்தி ஆடினத முழுசாப் பார்த்தேன். உங்கம்மா கேக்கைத் திருப்பி அனுப்புனாளே, மறுநாளே உங்க மாமாவக் கூப்ட்டுச் சொல்லிட்டேன்."

"எங்கம்மா கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"அவரு கும்புடாத கொறையா கேட்டாரு. 'அவளே வந்து சொல்லுவா, அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா'ன்னாரு. இம்மா நாளு ஆக்குவன்னு அவருக்கே தெரியாது பாவம்."

ஆக, அந்த பஸ்ஸில் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாரையும் சந்தேகப்பட்ட நீ, என்னை மட்டும் நம்பியிருக்கிறாய். ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாயே மாமா.

ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து இழுத்து வந்தேன். "வேணாண்டி, உங்கம்மா கத்தப் போறா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள், அவர் செருப்பையும் என் செருப்பையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நேராக வைத்தேன். பிறகு, "அம்மா," என்று கூப்பிட்டேன்.