கப்பலை முந்த வேண்டிய காகிதம்

ஐப்பசி 1, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மண்டியில் ஒரு தோலும் காயவில்லை.

பூஜை அலமாரியைத் துடைத்தேன். பட்டுத் துணிக்கு அடியில் நீள உறை. உள்ளே லண்டன் சரக்கின் கப்பல் ரசீது!

என் கையால் போகும் முதல் லண்டன் சரக்கு. நல்லபடி சேரட்டும் என்று சரஸ்வதி பூஜையில் கணக்குப் புத்தகங்களோடு வைத்தேன். மூலையில் குங்குமம் வேறு. பூஜையன்று தொடக் கூடாது. மறுநாள் அவசரத்தில் மற்றக் கடிதங்களை மட்டும் தபாலில் போட்டிருக்கிறேன். தோல் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. ரசீது இல்லாமல் அங்கே யாரும் தோலைத் தரமாட்டார்கள். ஏலம் தப்பும். என் வேலையும்.

மொதலாளியிடம் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

ஐப்பசி 2, செவ்வாய்

மழை. தபாலாபீசு. போஸ்ட் மாஸ்டரைக் கேட்டேன், ஏரோப்ளேன் தபால் எத்தனை நாள் என்று.

"கராச்சிலேர்ந்து லண்டன் ஏழு நாள். ஐயாயிரம் மைலு இருக்கும்பா. வாரத்துக்கு ஒரே தபாதான் கெளம்பும்."

"ஆம்பூர்லேர்ந்து?"

"ரயில்ல மதராசு. அங்கேர்ந்து சின்ன ஏரோப்ளேன்ல கராச்சி. வியாழக்கெழமைக்குள்ள போய்ட்டா சரி."

உறையைப் போட்டாயிற்று.
கப்பல் சேர்வது: ஐப். 19.
காகிதம்: ஐப். 11. வியாழன் தவறினால் 18.
ஒரே நாள்தான் இடைவெளி.

ஐப்பசி 4, வியாழன்

மழை விடவில்லை. மனைவி குப்பம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீங்க மறந்தா அதுக்கு சாமி இன்னா பண்ணும்?" என்றாள். வாஸ்தவம்தான்.

ஐப்பசி 8, திங்கள்

இருமல். செருப்பு அறுந்தது. கப்பல் இந்நேரம் எங்கே? காகிதம் ஏதோ பாலைவனத்துக்கு மேலே. சாயங்காலமானால் விமானத்தை இறக்கிவிட்டுத் தூங்குவார்களாம். கொடுத்துவைத்தவர்கள்.

ஐப்பசி 25, வியாழன்

லண்டன் தரகரின் கடிதம், ஏரோப்ளேனில். மொதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. வழக்கம்போல் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ரசீது கப்பலுக்கு முன்பே வந்துவிட்டதாம். அப்பாடா. அடுத்த வரி: 'மூலையில் சிவப்பாக ஏதோ இருக்கிறது. புது முத்திரையா?'

அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டியிருக்கலாம். களைப்பு. வாய் படித்துவிட்டது.

"நம்ம முத்திர நீலமாச்சே, ஏகாம்பரம்?"

"குங்குமம், மொதலாளி. பூஜைல வெச்சேன். அப்டியே மறந்துட்டேன். பத்து நாளு கழிச்சிதான் ஏரோப்ளேன்ல போட்டேன்."

டீயை முழுதும் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

"அடுத்த தபா உன் சாமிக்கு நகல் வெய்யி. அசலு தபாலுக்கு."

சரி என்றேன். வெளியே வந்து, அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தேன்.