பங்களா மேலும் பிடித்த கிரகணம்

அக்கா,

காலையில் பெய்த தூறலில் மில் மண்மேடு நனைந்திருக்கிறது. அந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறுகிறது. எனக்கு இது ஐந்தாம் மாதம். நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்லியிருப்பேன். மிஷன் பள்ளியில் கற்ற நாலு எழுத்து, இல்லாத உனக்கு மடல் எழுதத்தான் உதவுகிறது.

மாரிகுப்பம் சுரங்கக் கூலி லைனில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே மூங்கில் தட்டி. நீ இருமினால் என் வீட்டு விளக்கு ஆடும். மசக்கையில் உன் ஊர்ப் பெண்கள் ஏரி மண் தின்பார்களாம். இங்கே ஏரி ஏது? தங்கம் பிரித்தபின் மில் வெளியே தள்ளிய சாம்பல் நிற மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு, கல் உடைத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொள்வாய்.

"அந்த மண்ணுல மருந்து கலக்குறாங்கக்கா, துப்பு" என்றேன்.

"துப்பிட்டு இன்னாத்த துன்றது? நீ சோறு வச்சினு கீறியா?" என்று சிரித்தாய். என் பானையிலும் ஒரு வேளைக் கூழ்தான் இருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

பிள்ளை பிறந்தான். மேலுதடு மூக்கு வரை பிளந்து, உள்ளே அண்ணமும் திறந்து கிடந்தது. மருத்துவச்சி அவனைத் துடைக்குமுன்னே உன்னைக் கேட்டாள்: "கெரகணத்தப்போ வெளிய வந்தியா?"

வந்தாய்தான். இன்று வராதவள் நாளையும் வரவேண்டாம் என்று மேஸ்திரி சொன்னதால் வேலைக்கு வந்தாய். லைன் முழுக்கத் திரண்டு வந்து கிரகணத்தைப் பற்றியே விசாரித்தது. மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதே கெரகணம் தொர பங்களா மேலயும்தானே புடிச்சிது? தொரசானி கொழந்த மூக்கும் முழியுமா கீதே!" என்று கத்தினேன்.

நீ பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாய்: "அவங்க வூட்டுக்குக் கதவு கீதுடி."

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். உதட்டைத் தைக்கலாம், முதலில் பிள்ளை பால் குடித்துத் தேறட்டும் என்றார். அவனால் உறிஞ்சத்தான் முடியவில்லை. பஞ்சில் நனைத்துப் பிழிந்தாலும் பால் மூக்கு வழியே வந்தது. பால் கட்டி நீ வலியில் அழுதாய், அவன் பசியில் அழுதான். நடுவில் நான் பஞ்சும் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தேன். அவன் கண்மூடிய மறுமாதம் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோய்விட்டது.

அவன் ஏன் அப்படிப் பிறந்தான்? மண்ணா, பட்டினியா, சுமந்த சுமையா? எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகும் நம் லைனில் கால் வளைந்து ஒன்று பிறந்தது, கண் திறக்காமல் ஒன்று பிறந்தது. பங்களாப் பக்கம் அப்படி எதுவும் காதில் விழவில்லை.

நாளைக்குக் கிரகணமாம். நான் நம்பவில்லை அக்கா, சத்தியமாக நம்பவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. மத்தியானத்திலிருந்து தட்டி இடுக்குகளில் கிழிசல் துணியைத் திணித்துக்கொண்டிருக்கிறேன். பாதியில் மேஸ்திரியின் ஆள் வந்து, நாளைக்கு எல்லோரும் வேலைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மிச்ச இடுக்குகளையும் அடைத்துவிட்டேன். நாளைக்கு இந்த வீட்டுக்குள் துளி வெளிச்சம் புகாது. நான் வெளியே கல் உடைத்துக்கொண்டிருப்பேன்.