ஐஸ்கிரீம் சோதனை

பிப்ரவரி 7
பெரியவள் நானூறு மீட்டர்: எழுபத்தொரு நொடி. போன வாரத்தைவிட இரண்டு நொடி குறைவு. வளைவில் இன்னமும் தோளைச் சாய்க்கிறாள். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. சின்னவள், எங்கள் வீட்டு வாண்டு, ஒரே சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வலியாம். ஆறு வயதில் என்ன முட்டி வலி? தைலம் தேய்த்துப் பட்டை கட்டிவிட்டேன். இருபது வருடமாக விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன், நான் பார்க்காத முட்டியா.

பிப்ரவரி 19
வாண்டு விந்தி விந்தி நடக்கிறாள். மனைவி பிடிவாதம் பிடித்து முட்டியை எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். ஒரு குறையும் இல்லை. “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றேன்.
“காலைல எந்திரிச்சு தனியா பாத்ரூம் போறப்பவும் நொண்டுறா. யாரும் பாக்காதப்ப எதுக்குங்க நடிக்கணும்?”
கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினேன். துடைத்தேன்.

மார்ச் 2
சாக்குச் சொல்லும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. மைதானத்தின் எதிர்க்கோடியில் நின்று ஒரு ஐஸ்கிரீமைத் தூக்கிக் காட்டுவேன். நிஜமாகவே அடிபட்டவன் மெதுவாக வருவான். சாக்குக்காரன் பறந்து வருவான். இதுவரை தப்பியதில்லை.

இன்று வாண்டுவுக்கு வைத்தேன். ஓடி வந்தாள், நூறு மீட்டரும். நான் கை தட்டிக்கொண்டே நின்றேன். வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. “அவ்ளோதான், வலி போயே போச்சு” என்றேன். தலையை ஆட்டினாள்.
வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. நாளை முதல் தினமும் இரண்டு சுற்று, ஞாயிறு தவிர.

மார்ச் 17
இரண்டு சுற்று. நொண்டிக்கொண்டே முடித்தாள். அழவில்லை. வழிக்கு வருகிறாள்.

ஏப்ரல் 11
காலையில் ஷூ மாட்டக் காலை விரிக்க முடியவில்லை அவளுக்கு.

எலும்பு டாக்டர் அம்மா முட்டியைத் தொடவே இல்லை. தொடையைப் பிடித்து மெல்ல உள்பக்கம் திருப்பினார். வாண்டு மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இடுப்பைப் படம் எடுத்தார்கள்.

“இடுப்புல இருக்கற வலி சில பிள்ளைங்களுக்கு முட்டியிலதான் தெரியும். முட்டியப் படம் எடுத்தா அது நல்லாத்தான் இருக்கும்” என்றார். தொடை எலும்பின் மேல்முனை, கிண்ணத்துக்குள் பந்து மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்தப் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். எலும்பு செத்து மெத்தென்று ஆகிவிட்டது. “புது எலும்பு வளந்துரும், ரெண்டு மூணு வருஷம் ஆகும். உருண்டையா வளருதா, நசுங்கி வளருதாங்கறதுதான் கேள்வி. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. இத்தன நாள் ஓடிட்டா இருந்தா?”

மனைவி என்னைப் பார்த்தாள்.
“ஓடினா” என்றேன். நான்தான் ஓட வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 12
இந்த நோட்டிலேயே கணக்கு இருக்கிறது. முப்பத்துமூன்று நாள், அறுபத்தாறு சுற்று. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று இருநூறு மீட்டர். பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல்.
செத்த எலும்பை வைத்துக்கொண்டு.
அப்பனா நான்?

மே 5
இரண்டு காலையும் அகட்டி வைத்து மாவுக்கட்டு போட்டாயிற்று, நடுவில் ஒரு கம்பு. பந்து கிண்ணத்துக்குள் சரியாக உட்கார்ந்தால் கிண்ணமே அதை உருட்டிக் கொடுக்குமாம். தலைகீழாகப் பிடித்த கவட்டை போல இருக்கிறாள் என் பெண். எந்த வாசலிலும் நேராக நுழையாது. பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினால்தான் போகும். சமையலறை நிலையில் ஒருமுறை இடித்துவிட்டேன். “அப்பா, ஹாரன் அடிச்சிட்டு வாங்க” என்றாள். பெரியவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவி பாவாடைகளையெல்லாம் பக்கத்தில் பிரித்து அழுத்துப் பித்தான் வைத்துத் தைத்திருக்கிறாள். ஏழு பாவாடை.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: வலித்தால் உடனே சொல்ல வேண்டும், தாங்கிக்கொள்ளக் கூடாது.

மே 9
“வலிக்குதா?”
“இல்லப்பா.”
சட்டை மாற்ற அடுத்த அறைக்குப் போனேன். மனைவி கேட்பது காதில் விழுந்தது. “வலிக்குதாடி?” “ஆமாம்மா. ரொம்ப.”
அந்த ‘இல்லை’ எனக்கு மட்டும்தான்.

ஜூன் 20
பெரியவள் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. அவளுடைய ஓட்ட ஷூ கட்டிலுக்கு அடியில், உறைக்குள். ஏன் என்று கேட்டேன்.
“நான் கெளம்பறப்பல்லாம் அவ ஜன்னல் வழியா பாக்குறா. எப்படிப்பா ஓடுறது?” என்றாள். பிறகு, “நான் ஓடலைனு நீங்க கவனிக்கவே ஒரு மாசம் ஆச்சு” என்றாள்.
உண்மைதான். பிப்ரவரியில் நொடி நொடியாக எழுதினேன். மே மாதம் முழுக்க அவள் ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜூலை 14
கட்டு பிரித்து ஒரு வாரம் ஆகிறது. கால் இரண்டும் குச்சி. ஊன்றுகோலோடுதான் பள்ளிக்கூடம். வகுப்பில் ‘டொக்டொக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலிக்குதா? இல்லப்பா.

செப்டம்பர் 8
ஆறாம் வகுப்பில் ஒருத்தி கால் வலிக்கிறது என்றாள். “நொண்டிச் சாக்கு” என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. நிழலில் உட்கார வைத்து, அவள் வீட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கணக்கு வாத்தியார், “என்ன மாஸ்டர், ரொம்ப எளகிட்டீங்க” என்கிறார். சொல்லட்டும்.

டிசம்பர் 3
புதுப் படத்தில் பந்து கொஞ்சம் நசுங்கித் தெரிகிறது. டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த அறுபத்தாறு சுற்றில்தான் நசுங்கியதா?
“சொல்ல முடியாதுங்க. ஓடவே ஓடாத பிள்ளைங்களுக்கும் நசுங்குது.”
ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன், திட்டிவிடு, தாங்கிக்கொள்கிறேன் என்று. “திட்டலாம். திட்டிட்டு அவள வண்டியில யாரு தூக்கி வைக்கறது?” என்றாள். பிறகு என் தட்டில் சோறு வைத்தாள்.

புது நோட்டு. மார்ச் 2
போன வருடம் இதே நாள். காலையிலிருந்து மனம் சரியில்லை. வாண்டு தரையில் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.
“அன்னைக்கு ஐஸ்கிரீமுக்கு ஓடி வந்தியே. வலிச்சுதா?”
“வலிச்சுது.”
“அப்புறம் ஏம்மா ஓடின?”
“நீங்க கை தட்டுனீங்க.”
பச்சைப் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 3
நான் பள்ளிக்குப் போகவில்லை.

அக்டோபர் 21
பெரியவள் மறுபடி ஓடுகிறாள். வாண்டுதான் விரட்டியது: “நீ ஓடு, நான் டைம் பாக்குறேன்.” என் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நானூறு மீட்டர்: எழுபத்துநான்கு. ஒரு வருடம் போய்விட்டதல்லவா.

மூன்றாவது நோட்டு. ஆகஸ்ட் 16
கடைசிப் படம். புது எலும்பு முழுக்க வளர்ந்துவிட்டது. உருண்டையாக இல்லை. காளான் குடை போல, மேலே தட்டையாக. இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. நொண்டல் போகாது. செருப்பில் உயரம் வைக்கலாம், நீந்தலாம், சைக்கிள் விடலாம். நாற்பது வயதில் மூட்டு மாற்ற வேண்டி வரலாம்.

மனைவி படத்தை உறையில் போட்டு, உறையின் மடிப்பை நீவி நீவி விட்டாள். வாண்டு, “அப்ப கோல் வேணாமா? வெளையாட்டுக்கு வெச்சுக்கட்டா?” என்று கேட்டாள். எட்டு வயது. அவளுக்கு இன்று நல்ல நாள். நான் வெளியே போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினேன்.

செப்டம்பர் 12
பள்ளி விட்டு நானும் வாண்டுவும் நடந்தே வந்தோம். கோல் இல்லாமல். நான் என் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், வழக்கம்போல. தபால் பெட்டி தாண்டியதும் பின்னாலிருந்து குரல்.
“அப்பா, நில்லுங்க. வலிக்குது.”
இரண்டரை வருடத்தில் முதல் தடவை, என்னிடம்.

ஓடிப் போய்த் தூக்கப் போனேன். “தூக்க வேணாம். உக்காரலாம்” என்றாள். யாரோ வீட்டு மதில் கட்டையில் உட்கார்ந்தோம். அவள் ஒரு பூனையைக் காட்டி ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை எனக்கு. “இப்ப போலாம்ப்பா” என்றாள், எழுந்தோம்.

உட்கார்ந்திருந்தது பதினோரு நிமிடம் நாற்பது நொடி. எழுதி வைக்கிறேன்.