மூன்றாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பெரியம்மா, உன் தம்பி மூவரும் பசியோடும் சண்டையோடும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். என் முட்டி வலி போயே போய்விட்டது, எக்ஸ்ரே எடுத்தவர் இது ஏதோ கல்லூரிப் பையனுடைய முட்டி, தவறி வந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி எடுத்தார். பெரியம்மா இதைப் பொய் என்பாள், நீ நம்பாதே. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தால் "பெரியப்பா, கொஞ்சம் இருங்க" என்கிறாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

நீ ஏற்பாடு செய்திருக்கும் வேன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், இரண்டு தடியன்கள் இறங்குவார்கள், உன் தம்பியை ஏற்றிக்கொண்டு போய் ஒரு விடுதியில் பூட்டி வைப்பார்கள், பல மாதத்துக்கு யாரும் பார்க்கக்கூடாது, நான் சரி என்று தலையாட்டினால் போதும் என்றாய். மகளே, என் தலை அப்படி ஆடுகிற தலை இல்லை. "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையை டம்ளர்ல ஊத்திக் குடுக்கறாங்க, அதுக்கு நீங்க காவலா?" என்று கேட்டாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு டீ கூட இறங்கவில்லை. அவன் போதையைத் தேடியா போனான்? கிடங்கில் சாமான் தூக்கும் வண்டி இடுப்பில் மோதியது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது வலி மாத்திரை. டாக்டர் சீட்டு எழுதிய வரைக்கும் அவன் நோயாளி, சீட்டை நிறுத்தியதும் வலி தாங்காமல் சந்தில் வாங்கினான், மறுநாளே அவன் போதைக்காரன். மாத்திரையும் அதேதான், இடுப்பும் அதேதான், பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். இதைக் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

மாத்திரை ஆசையை அடக்க இப்போது அவனுக்குக் கொடுக்கிற அந்த மருந்தைப் பற்றியும் தெரிந்துகொள். நான் லிஃப்ட் பராமரிக்கிற கடைக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில்தான் அந்தச் சிகிச்சை மையம். தினமும் காலையில் அங்கே போக வேண்டும், நர்ஸம்மா சின்னக் கோப்பையில் அளந்து கொடுப்பாள், அவள் கண் முன்னால் குடிக்க வேண்டும். குடித்ததும் பேசச் சொல்வாள், வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாதாம். மற்றவர்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள், உன் தம்பி ஒரு கடி ஜோக் சொல்வான், அவள் சிரிக்கவே மாட்டாள், மறுநாள் அதைவிட மோசமாக ஒன்று சொல்வான். அங்கிருந்து நேரே சலவைக் கடைக்குப் போய் மத்தியானம் வரை துணி மடிக்கிறான். என் சட்டைகளுக்கு அவன் வைக்கிற மடிப்பில் காய்கறியே நறுக்கலாம்.

இதில்தான் மண்ணைப் போட்டார்கள். சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருப்பவனை ஜெயிலில் போடாமல் வைத்தியத்துக்கு அனுப்பலாம் என்று அரசாங்கத்தில் ஒரு சட்டம் பேசுகிறார்கள் அல்லவா, அதைப் பேச எங்கள் கட்டடச் சங்கம் கூட்டம் போட்டது. நாட்டுச் சட்டத்தை முடிவு பண்ண இவர்கள் யார் என்று கேட்காதே, பிஸ்கட் கொடுத்தார்கள், எல்லோரும் வந்தோம். தலைவர் நாலாம் மாடி டைல்ஸ்காரர். "இதுங்களையெல்லாம் உள்ள தள்ளி சாவியைத் தூக்கி எறியணும். மூணாம் மாடிக்கு வர்றதுங்க மூஞ்சியப் பாத்தா என் கடைக்கு எவன் வருவான்?" என்றார். இதுங்களாம்! இரண்டாம் மாடி குட்டி வக்கீல் எழுந்து அதற்கு நேர் எதிராக, "எல்லாத்தையும் லைசென்ஸ் குடுத்து கடையில விக்க விட்டா கடத்தலே இருக்காது சார்" என்றான். நான் எழுந்தேன். நான் எழுந்ததும் மின்விசிறியே மெதுவாகச் சுற்றியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். "வக்கீல் தம்பி, பையில இருக்கறதுக்காக ஒருத்தனப் பிடிச்சு உள்ள போடாதேங்கறது சரி, அதுக்கு நானும் கை தூக்கறேன். ஆனா எங்க பையன் முதல்ல வாங்கினதே கடையிலதான், சீல் வச்ச டப்பாவுலதான். விக்கறவன் சட்டை மட்டும் மாறினா விஷயம் மாறிடுமா?" என்றேன். டைல்ஸ்காரரைப் பார்த்து, "உங்க தரையில வழுக்கி விழுந்தவனையும் ஜெயில்லதான் போடுவீங்களா?" என்றேன். அப்படி ஒரு கைதட்டல், கட்டடம் ஆடியது. இதை எழுதும்போதே பெரியம்மா பக்கத்தில் நின்று கடிதத்தை எட்டிப் பார்த்து, தட்டியது நர்ஸம்மா ஒருத்திதான் என்கிறாள். தட்டிய வேகத்தைச் சொன்னேன்.

ஆனால் கூட்டம் முடிவு செய்தது வேறு. இனி லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கக்கூடாது, அந்தப் பொத்தானைச் சாகடித்துவிடு என்று என்னிடமே சொன்னார்கள். இந்த ஊரில் பாதி லிஃப்ட் என் பேரைச் சொல்லித்தான் ஏறி இறங்குகிறது, என் கையால் அதைச் செய்வேனா? முடியாது என்று ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எங்கிருந்தோ ஒரு அரைகுறையைப் பிடித்து வந்து செய்துவிட்டார்கள். மறுநாள் உன் தம்பி படிக்கட்டின் அடியில் நின்றான். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. மருந்து அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாதென்று சட்டம், அதனால் நர்ஸம்மாவாலும் கீழே கொண்டுவர முடியாது. நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன், "விடுங்க பெரியப்பா, நான் மூட்டை இல்ல" என்று திரும்பிவிட்டான். அன்று எப்படியோ தாங்கினான். அடுத்த நாள் மூக்கு ஒழுகியது, உடம்பு நடுங்கியது, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெரியம்மா சூப் சூடு பண்ணிக்கொண்டு வருவதற்குள் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். ஓடினேன், முட்டியோடு ஓடினேன். மாத்திரையைத் திருட்டுத்தனமாக விற்கிற அந்தச் சந்து முனையில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "இன்னும் வாங்கல பெரியப்பா. நீங்க வரலைன்னா வாங்கியிருப்பேன்" என்றான். இந்த ஒரு இடத்தில் நான் எதுவும் கூட்டிச் சொல்லவில்லை மகளே.

ஒரு பொத்தானை அழுத்தவிடாமல் செய்து ஒரு பிள்ளையை அந்தச் சந்து வரை அனுப்ப முடிகிறது, அதற்குப் பேர் ஒழுக்கமாம்!

மறுநாள் காலையில் நான் அவனைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே கூட்டிப்போனேன். லிஃப்ட்டுக்குள் நின்று பொத்தான்களையே பார்த்தான். பிறகு நாலை அழுத்தினான். ஏற முடியாதவன் இறங்கலாமே! நாலாம் மாடியில் இறங்கி, டைல்ஸ்காரரின் கடை வாசலில் அவர் பளபளவென்று பதித்து வைத்திருக்கிற நடையில் நடந்து, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒரு மாடி கீழே. கீழே நின்ற மற்றவர்களையும் கூப்பிட்டான். தடி ஊன்றியவர், கைக்குழந்தைக்காரி, ஓய்வு பெற்ற வாத்தியார், எல்லோரும் டைல்ஸ்காரருக்கு "வணக்கம் சார்" சொல்லிக்கொண்டே போனார்கள், தினமும் போனார்கள். வாத்தியாருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து அவர் கடைக் கணக்குப் பெண்ணே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடையில் போட்டாள். நாலாம் மாடியையும் நிறுத்து என்று டைல்ஸ்காரர் குதித்தார், நிறுத்தினால் அவர் உடம்பை அவரேதான் மேலே சுமக்க வேண்டும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னான். அந்த வாரமே மூன்றாம் பொத்தானுக்கு உயிர் வந்தது, வயரை நான்தான் மாட்டினேன். யோசனை உன் தம்பியுடையது, மூளை எங்கள் பரம்பரையுடையது.

இப்போது உன் வேனைப் பற்றி என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவனைக் கதவைப் பிளந்து இழுக்கக்கூடாது, இழுத்தால் பள்ளத்தில் விழுவான். ஏன் ஏறினாய் என்று கேட்டுக்கொண்டும் நிற்கக்கூடாது. மேலே மோட்டார் அறைக்குப் போய் அதன் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒரு தரைக்கு நேராகக் கொண்டுவந்து, பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். நேரம் ஆகும், உள்ளே இருப்பவன் கத்துவான், வெளியே இருப்பவன் அதைவிடக் கத்துவான். நர்ஸம்மா அந்தச் சக்கரத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நீ வெளியே நின்று கத்துகிறாய். பயத்தில்தான் கத்துகிறாய் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா அம்மா போன பிறகு அவன் கையை விடாமல் பிடித்திருந்தவள் நீ. ஆனாலும் பூட்டாதே அம்மா.

இதை எழுதும்போது அவன் வந்து யாருக்கு என்று கேட்டான். உன் அக்காவுக்கு, நீ முழுசாகக் குணமாகிவிட்டாய், இனி ஜென்மத்துக்கும் பயமில்லை என்று எழுதப்போகிறேன் என்றேன். பேனாவைப் பிடித்துக்கொண்டான். "அப்படியெல்லாம் எழுதாதீங்க பெரியப்பா. இன்னிக்கு நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதுங்க" என்றான். ஆகவே எழுதுகிறேன், உன் தம்பி இன்றைக்கு நன்றாக இருக்கிறான்.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் முட்டியைப் பற்றிச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த வேன்காரனுக்கு வராதே என்று சொல்லிவிடு, சொல்லிவிட்டுத் தம்பிக்கு ஒரு போன் போடு, நாளைக்கு எப்படி இருப்பாய் என்று மட்டும் கேட்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
உன் பெரியப்பா