இரும்பு அலமாரிக்கு வெளியே ஓர் இரவு

அக்கா, இன்று காலை உன் வீட்டில் அந்த இரும்பு அலமாரியைத் திறந்தேன். நான்கு வருடங்களுக்குப் பிறகு திறக்கிறேன். கதவு கொஞ்சம் அடம்பிடித்தது. தோளைக் கொடுத்து இழுத்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு துப்பாக்கிகூட இல்லை. வாசம் மட்டும் போகாமல் கிடக்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் அத்தான் கண்டிக்கு, உன் மகள் வீட்டோடு போய்விடுகிறார். லிந்துலை வீட்டைக் காலி பண்ணுகிறோம். அலமாரியைச் சுவரிலிருந்து கழற்றுவதற்கு உள்ளே இருக்கும் போல்ட்டுகளைத் திருக வேண்டும், அதற்குச் சாவி வேண்டும். சாவி என்னிடம்தான் இருந்தது. நீ இடுப்பில் ஊக்கில் மாட்டியிருந்த சாவியை ஆஸ்பத்திரியில் உன் வளையல்களோடு ஒரு கடதாசிப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அத்தான் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

உள்ளே நான்கு சிவப்பு வெல்வெட் உறைகள் கிடந்தன. ஹட்டனில் என் தையல் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஓரமெல்லாம் பட்டி வைத்து நான் தைத்துக் கொடுத்த துணி அது. அத்தான் சுவரில் துப்பாக்கிகளுக்குப் பின்னால் மாட்டுவதற்காகக் கேட்டது. அதை வெட்டித்தான் நீ உறை தைத்திருக்கிறாய், கையால், கோணலும் மாணலுமாக. ஒரு தையல்காரியின் அக்கா போடுகிற தையலா இது? என்னிடம் கொடுத்திருந்தால் அரை மணி நேரத்து வேலை. நான் கேலி செய்வேன் என்று நினைத்திருப்பாய். செய்திருப்பேன்தான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் துப்பாக்கிகள் சுவரில் இருந்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உன்னிடம் அதை மறைத்ததும் இல்லை. முன் அறைச் சுவரில் நான்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். மேலே தோட்டத்துத் துரை கொடுத்த இரட்டைக்குழல், அதற்குக் கீழே ஒற்றைக்குழல், அப்புறம் வெடிமருந்து கெட்டிக்கிற அந்தக் காலத்துத் துப்பாக்கி, கடைசியில் காற்றுத் துப்பாக்கி. அத்தான் எல்லாவற்றுக்கும் காகிதம் சரியாக வைத்திருந்தார். வருடா வருடம் நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். நாட்டில் சண்டை நடந்த காலத்தில் போலீசில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபிறகு மறுபடி நடையாய் நடந்து வாங்கி வந்தவர்.

அவருக்கு அது வெறும் ஆசை இல்லை. அவருடைய தாத்தா அந்த இரட்டைக்குழலைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைக்குப் பின்னால் காடு காடாக நடந்தவர். சுமக்கலாம், சுடக்கூடாது. பங்களாவில் சமையல் பார்த்த அத்தானின் அப்பாவுக்குக் கடைசியில் வந்த துரை அதை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் வைக்க இடம் ஏது? கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தார்களாம். அத்தான் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளையாகி, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக் குடிபுகுந்த அன்றைக்குச் சாமி படத்துக்கு ஆணி அடிப்பதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கிக்குத்தான் அடித்தார்.

"எங்க தாத்தா தோளு தேஞ்சது இதுக்குக் கீழதான். இது மூலைல கெடக்கக் கூடாது. வர்றவங்க எல்லாம் பாக்கணும்" என்பார்.

"பாத்தாச்சு. இனி பூட்டி வைங்க" என்பாய் நீ, சோற்றைப் பரிமாறிக்கொண்டே.

"பூட்டி வக்கிறதுக்கு அது என்னா, களவெடுத்த நகையா?"

இதே பேச்சு எத்தனை வருடம் ஓடியது. நான் எப்போதும் அத்தான் பக்கம். சுவர் அழகாக இருக்கிறது என்பேன், மற்றவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் பூ தொங்குகிறது, உன் வீட்டில் சரித்திரம் தொங்குகிறது என்பேன். நீ என்னை ஒரு பார்வை பார்ப்பாய், அவ்வளவுதான்.

உன் மகளுக்குப் பரிசம் போட வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிட்டுவிட்டு வந்து, யாரையும் கேட்காமல் ஒற்றைக்குழலைச் சுவரிலிருந்து எடுத்தார். போட்டோவுக்கு நின்றார். அது போதவில்லை, தட்டு ஏந்தி வந்த பெண்கள் பக்கம் குறிபார்த்துச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் தட்டைக் கீழே வைத்தாய்.

"அத எறக்கி வைங்க" என்றாய். சத்தமே போடவில்லை. "இல்லாட்டி இந்தப் பரிசம் வேணாம், தட்டு திரும்பிப் போகட்டும்."

கல்யாண வீடு இழவு வீடாகிப் போனது. அந்த மனுசன் முகம் சிவந்து இறக்கி வைத்தார். பரிசம் எப்படியோ நடந்து முடிந்தது. அவர்கள் வேன் புறப்பட்டதும் அத்தான் குதித்தார். மரியாதை போச்சு, சம்பந்தி முன்னால் தலைகுனிவு என்று என்னென்னவோ சொன்னார். நீ எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டே கேட்டாய்: "மரியாதைய அலமாரிக்குள்ள வச்சா கெட்டா போயிரும்?" அலமாரி வரும்வரை அந்த வீட்டில் நீ ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. மூன்று நாள் வெறும் தேத்தண்ணிதான். நான்காவது நாள் ஹட்டன் இரும்பு ஒட்டுப்பட்டறையிலிருந்து அலமாரி வந்து இறங்கியது.

அப்புறம் உன் ராஜ்ஜியம்தான். சாவி உன் இடுப்பில். தோட்டாக்கள் தனிப் பெட்டியில், தனிப் பூட்டில், அரிசி வைக்கிற அறையில். கீழ்ப் பாத்தியில் காட்டுப்பன்றி உருளைக்கிழங்கைத் தோண்டுகிறது என்றால் அத்தான் உன்னிடம் வந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் குழலை மடக்கித் திறந்து சன்னல் பக்கம் நீட்ட வேண்டும். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பாய். "வெளிச்சம் தெரியுது. வைங்க." இதைச் சொன்ன பிறகுதான் அலமாரிக் கதவு திறக்கும். நான் உனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்துக்கொண்டாய். வெறும் சுவரில் வெல்வெட் மட்டும் கொஞ்ச நாள் தொங்கியது, பிறகு அதையும் காணோம்.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவருக்கு விட்டுக்கொடுத்தாய். ஆயுத பூஜைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, என் கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் துப்பாக்கிகளும் சாமி முன்னால் வரும். நம் ஆட்களுக்குத் தெரியும், பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறு பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அன்றைக்குக் கத்திக்கும் ஓய்வு. ஆனால் துப்பாக்கிக்கு மட்டும் நீ தனிச்சட்டம் வைத்திருந்தாய். பொட்டு வைக்கலாம், சூடம் காட்டலாம், சூடம் அணைந்ததும் உள்ளே போய்விட வேண்டும். சாமிக்கு ஏதும் குறை வந்தால் அது என் தலையோடு போகட்டும் என்பாய்.

நான்கு வருடத்துக்கு முந்தி, அந்த வருடம் எனக்கு எல்லாமே கோணல். கடைக்கு ஆளே வரவில்லை, மூடிவிடலாமா என்ற நிலை. எங்கோ சாமி குற்றம் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பூஜையில் ஒரு பூ கூடக் குறையக்கூடாது என்று இரண்டு நாள் முன்னதாகவே உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பூஜையன்று விடியற்காலையில் பன்றி வந்தது. அத்தான் இரட்டைக்குழலில் இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு போய் ஒரே ஒரு வெடி வைத்தார். பன்றிகள் ஓடிவிட்டன. அவர் திரும்பியபோது வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், நீ அடுப்படியில் பொங்கலோடு போராடிக்கொண்டிருந்தாய். அவர் துப்பாக்கியின் மேலே ஒட்டியிருந்த சேற்றை மட்டும் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் சந்தனம் பூசி, கூடைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தேன். அலமாரிக்குப் போகாமல் நேரே பூஜைக்கு வந்ததால் சன்னல் பக்கம் அது நீளவே இல்லை.

பூஜை முடிந்தது. நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எடுத்து வைங்க" என்றாய். அத்தான் அங்கே இல்லை, நான்தான் இருந்தேன். அப்போது நான் சொன்னது இதுதான், அக்கா: "சாமிக்கு வச்சத மறு பூஜைக்கு முந்தி எடுக்காதக்கா. எனக்காக விடேன். ஒரு ராத்திரிதானே."

பரிசத் தட்டையே திருப்பி அனுப்பத் துணிந்தவள் நீ. என் முகத்தைப் பார்த்தாய், சரி என்று தலையாட்டினாய். துப்பாக்கிகள் இருந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் படுத்தாய், அதையும் நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து நீ விளக்கேற்ற உட்கார்ந்தாய். வாடின பூவை மாற்ற நான் கொழுந்துக் கூடையை இழுத்தேன். பின்னால் சாய்ந்திருந்த இரட்டைக்குழல் சரிந்து விழுந்தது, உள்ளே மிஞ்சியிருந்த தோட்டா வெடித்தது. பழைய துப்பாக்கி, விழுந்த அதிர்ச்சியே போதும் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. வேனில் என் மடியில்தான் இருந்தாய். ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே உன் கை என் கையை விட்டுவிட்டது.

அத்தான் வாக்குமூலம் கொடுத்தார். "நான்தான் வெளிய விட்டேன். நான்தான் தொறந்து பாக்கல" என்றார். அதையே கோர்ட்டிலும் சொன்னார். துப்பாக்கிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர் திரும்பக் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். கூடையை இழுத்தது உன் குற்றமா, கை பட்டால் விழத்தான் செய்யும் என்றார்கள். நான் கூடையைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தேன். முதல் நாள் நான் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் அத்தானைப் பற்றிப் பேசினார்கள், பெண்டாட்டியைவிடத் துப்பாக்கி பெரிதாகிப் போனது அந்தாளுக்கு என்றுகூடச் சொன்னார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு கேவலம் பார்.

இன்று அந்த உறைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அத்தான் ஸ்பேனரோடு வந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, நடையும் தளர்ந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"அத்தான், அன்னிக்கு அக்கா எடுத்து வக்கத்தான் சொன்னுச்சு. நான்தான் வேணாம்னேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் புள்ள. நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன்" என்றார்.

"அப்ப ஏன் போலீஸ்ல சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீ சொன்னதக் கேட்டு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஒரு ராத்திரியாச்சும் வெளிய இருக்கட்டுமே, விடிஞ்சா நாலு பேரு பாப்பாங்களேன்னு. உள்ள வந்து எடுத்திருக்கலாம். எடுக்கல." ஸ்பேனரோடு அலமாரிக்குள் குனிந்தார். பிறகு முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்தார்.

சாயங்காலம் உன் மகளுக்குப் போன் பண்ணி அவளிடமும் சொன்னேன். அழுதுகொண்டே, "விடுங்க சித்தி, நீங்க என்னா தெரிஞ்சா செஞ்சீங்க" என்றாள். கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

எல்லோரும் விடு விடு என்கிறார்கள், அக்கா. எனக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. பாவாடை கிழித்தாலும், பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னாலும், கல்யாணத்துக்குப் பிறகு புருசனோடு சண்டை போட்டு வந்து நின்றாலும், முதலில் நீ நிற்க வைத்துத் திட்டுவாய். திட்டி முடித்தபிறகு சாப்பிடக் கூப்பிடுவாய். அத்தோடு அந்தத் தப்பு முடிந்துபோகும். இந்தத் தப்புக்கும் உன்னிடம்தான் திட்டு வாங்க வேண்டும். வேறு யார் திட்டினாலும் அது தீராது. திட்டுவதற்கு நீ இல்லாததால் இது இன்னும் என்னிடமே இருக்கிறது.